காணாமற்போதல் : முத்துக்குளித்துறை சார்ந்த திரைப்படங்களில் ஒரு கதைப்பொருள்

1. முன்னுரை

திரைப்படம் தமிழாராய்ச்சிக்குரிய பொருளன்று என்று கருதிய காலம் ஒன்று இருந்தது. நாடகத்தையும் நாட்டுப்பாடலையும் ஏற்றுக்கொண்ட பின்னரும் அறிஞர் பலர் திரைப்படத்தின்பால் ஐயத்தோடே இருந்தனர். அதிலும் பேய்ப்படம், மர்மப்படம் என்பன பொழுதுபோக்கின் கடைத்தரம் எனவே ஒதுக்கப்பெற்றன. ஆயினும் ஒரு மக்கட் கூட்டத்தின் தீராத அச்சமும் ஆறாத துயரும் எந்தக் கலையில் இடம்பெறினும், அவற்றை ஆராய்வது இலக்கிய மாணவர்தம் கடமையே ஆகும்.

ஒருவன் வீட்டைவிட்டுச் செல்கிறான், திரும்பி வரவில்லை, இறந்தான் என்பதற்குச் சான்று இல்லை, இருக்கிறான் என்பதற்கும் சான்று இல்லை. உலகத் திரைப்படங்களில் மர்மத்திற்கும் பேய்க்கதைக்கும் வித்தாக அமைந்த நிலைமைகளுள் இது தலையாயது. இந்நிலைமை தூத்துக்குடி, மணப்பாடு முதலிய முத்துக்குளித்துறை ஊர்களில் கதைப்பொருள் மட்டும் அன்று. வாழ்வில் நேரும் நிகழ்ச்சி. எனவே அக்கரையையும் அதனை ஒத்த கடல்சார் களத்தையும் கொண்ட திரைப்படங்கள் காணாமற்போதலை எவ்வாறு கையாள்கின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அவை பிற மர்மப் படங்களினின்று ஒரு வகையில் வேறுபடுகின்றன என்பதும், அவ்வேறுபாட்டின் வேர் நெய்தல் மரபில் உள்ளது என்பதும் ஈண்டு நிறுவப்பெறும்.

2. சொல்லும் பொருளும்

முதற்கண் சொல்லை நோக்குவோம். தொலைந்தான், மறைந்தான், காணாமற்போனான் என மூன்று சொற்கள் இப்பொருளை ஒட்டி வழங்குகின்றன. 'தொலைந்தான்' என்பது பொருளுக்கும் ஆளுக்கும் பொதுவாய், சில இடங்களில் வசையாகவும் வழங்கும். 'மறைந்தான்' என்பது கண்ணுக்குத் தெரியாமற் போதலைக் குறித்து வந்து, இக்காலத்தில் இறத்தலைக் குறிக்கும் மங்கல வழக்காயிற்று. இவ்விரண்டிலும் ஐயத்திற்கு இடம் குறைவு. 'காணாமற்போனான்' என்பதே ஐயத்தைத் தன்னுள் அடக்கிய சொல்.

இத்தொடரின் அமைப்பு நுணுகி நோக்கத்தக்கது. 'காணாமல்' என்பது எதிர்மறை வினையெச்சம். 'போனான்' என்பது வினைமுற்று. வினையெச்சத்தின் வினைமுதலும் முற்றின் வினைமுதலும் ஒன்றாக வருதலே பெரும்பான்மை. 'உண்ணாமற் சென்றான்' என்புழி உண்ணாதவனும் சென்றவனும் ஒருவனே. 'காணாமற்போனான்' என்பதிலோ போனவன் ஒருவன், காணாதவர் வேறொருவர். 'காணப்படாமல்' என்னும் செயப்பாட்டுவினைப் பொருளைச் செய்வினை வாய்பாடு தந்து நின்றது என இலக்கணத்தார் அமைதி கூறுவர். அது பொருந்துவதே. எனினும் வழக்கில் அச்சொல்லைக் கேட்பார்க்குப் போனவனோடு, அவனைக் காணாது தேடும் ஒருவரும் உடன் தோன்றுதல் மறுக்க ஒண்ணாது. கரையில் நின்று தேடும் கண் இல்லையேல் காணாமற்போதல் இல்லை.

அண்மைக் காலத்தில் இலங்கைத் தமிழர் இதனினின்றும் 'காணாமலாக்கப்பட்டோர்' என்னும் சொல்லைப் படைத்துக்கொண்டனர். போர்க்காலத்தில் பிடித்துச் செல்லப்பட்டுத் திரும்பாதோரைக் குறிக்கும் அச்சொல், தன்வினையைப் பிறவினையாக்கி, அச்செயலைச் செய்தவர் ஒருவர் உளர் என்பதை இலக்கணத்தாலேயே உணர்த்துகிறது. மன்னார் வளைகுடாவின் இருகரையிலும் இவ்விரு சொற்களும் இன்று வழங்குகின்றன. கடல் கொண்டவனுக்கு ஒரு சொல்லும், மனிதர் கொண்டவனுக்கு ஒரு சொல்லும் தேவைப்பட்டமை அக்கடலின் வரலாற்றை ஒருவாறு புலப்படுத்தும்.

3. இலக்கிய மரபு

தொல்காப்பியம் கூறும் உரிப்பொருள் ஐந்தனுள் இருத்தலும் இரங்கலும் நம் ஆய்வுக்கு இன்றியமையாதன. இருத்தல் முல்லைக்கு உரியது. இரங்கல் நெய்தலுக்கு உரியது. இரண்டிலும் தலைவி காத்திருக்கிறாள். வேறுபாடு யாது? முல்லைத் தலைவிக்குக் கார்காலம் என்னும் எல்லை உண்டு. தலைவன் குறித்துச் சென்ற பருவம் வரும், அவனும் வருவான். நெய்தல் தலைவிக்கு அத்தகைய எல்லை திட்டமாக இல்லை. ஒருநாள் ஓதம் மறுநாள் ஓதத்தினின்று வேறுபடுவதில்லை. எல்லை உள்ள காத்திருப்பு இருத்தல் என்றும், எல்லை அற்ற காத்திருப்பு இரங்கல் என்றும் நாம் பகுத்துக் காணலாம்.

ஈண்டு ஒரு தடை எழக்கூடும். சங்க நெய்தற் பாடல்களில் தலைவி இரங்குவது பெரும்பாலும் தலைவன் வரவு நீட்டித்தமை குறித்தேயன்றி, அவன் கடலில் மாண்டமை குறித்தன்று. உண்மையே. எனினும் கடலின் கொடுமை அப்பாடல்களுக்குப் புறம்பானதன்று. சுறா தாக்கிய புண் ஆறியதும் மீண்டும் கடலுக்குச் சென்ற தந்தையைக் குறுந்தொகையின் 269ஆம் பாடல் காட்டுகிறது. பட்டினப்பாலையில் பரதவர் சுறாவின் கொம்பை நட்டுத் தெய்வமாக வழிபடுகின்றனர். அஞ்சத்தக்கதையே வணங்கும் இம்மனநிலை பின்னர் நாம் காணவிருக்கும் கடல்கட்டியின் வழக்கத்தோடு ஒப்பிடத்தக்கது.

நீரில் காணாமற்போனவனைத் தேடிய கதை நம் இலக்கியத்தில் ஆதிமந்தியின் கதையே. புனலாட்டில் காவிரி கொண்டுபோன ஆட்டனத்தியைத் தேடி அவள் அலைந்த செய்தியைப் பரணர் அகநானூற்றுப் பாடல்கள் பலவற்றில் எடுத்தாள்கிறார். 222ஆம் பாடலில் மருதி என்பாள் அவனைக் காட்டிவிட்டுத் தான் கடல் புகுந்தாள் என்னும் செய்தி உளது. ஒருவன் மீள ஒருத்தி மறைகிறாள். கடல் வாளா கொடுப்பதில்லை என்னும் எண்ணம் இதில் உள்ளுறையாக நிற்கிறது எனலாம்.

மணிமேகலையில் இரு நிகழ்ச்சிகள் உள. ஆதிரையின் கணவன் சாதுவன் கலம் கவிழ்ந்து நாகர் வாழும் மலையை அடைகிறான். உடன்சென்று உயிர்பிழைத்தோர் அவன் இறந்தான் என உரைக்க, ஆதிரை தீப்புகுகிறாள். தீ அவளைச் சுடவில்லை. அவன் உயிரோடிருத்தலை வானொலி ஒன்று தெரிவிக்கிறது. பின்னர் அவனும் மீள்கிறான். மற்றொன்று பீலிவளையின் மகன் கதை. வணிகனது கலத்தில் அனுப்பப்பெற்ற அக்குழந்தை கலம் கெட்டதனால் காணாமற்போகிறது. மகனைத் தேடிய சோழன் இந்திர விழாவை மறக்கிறான். தெய்வத்தின் சாபத்தால் புகார் நகரைக் கடல் கொள்கிறது. காணாமற்போன ஒரு குழந்தையைத் தேடும் துயரம் ஒரு நகரின் அழிவுக்கே காரணமாகக் கூறப்பட்டமை எண்ணத்தக்கது.

இக்கதைகளில் தெய்வமும் வானொலியும் தீச்சுடாமையும் எங்கே வருகின்றன என்பதை நோக்குக. சான்று அற்ற இடத்தில் வருகின்றன. ஆதிரைக்குக் கணவனைப் பற்றிய உண்மையைக் கூறவல்லார் மனிதருள் ஒருவரும் இலர். ஆகவே வான் பேசுகிறது. இயற்கை இறந்த நிகழ்ச்சி என்பது அறிய இயலாத ஒன்றை அறிவிக்கும் வாயாகக் காப்பியத்தில் அமைந்துள்ளது.

4. முத்துக்குளித்துறையின் வாழ்வு

இனித் திரைப்படங்களுக்குக் களமான கரையை அறிதல் வேண்டும். கொற்கை முத்து சங்க காலத்திலேயே புகழ்பெற்றது. முத்துச்சிப்பி விளையும் கடலடித் திட்டுகளைப் 'பார்' என்றும், முத்துக்குளிப்பு நிகழும் பருவத்தைச் 'சலாபம்' என்றும் கூறுவது இக்கரை வழக்கு. சலாபம் ஆண்டுதோறும் நிகழ்வதன்று. சிப்பி விளைந்திருப்பதை ஆய்ந்து அரசு அறிவித்தபோதே நிகழும். இடையே பல்லாண்டுகள் வறிதே கழிவதும் உண்டு. தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நிகழ்ந்த வரிசையே இறுதியானது. பின்னர் 1973-இல் தூத்துக்குடியில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் முத்தைச் செயற்கை முறையில் விளைவிப்பதில் வெற்றி கண்டனர். இயற்கை முத்துக்குளிப்பு நின்றுவிட்ட போதிலும், சங்கு குளிப்போர் அத்தொழில் மரபைத் தொடர்ந்து வந்துள்ளனர்.

குளிக்கும் முறை எளிது, இடர் பெரிது. கயிற்றில் கட்டிய கல்லின்மேல் காலூன்றிக் குளியாள் கடலடிக்கு இறங்குவான். ஐந்து முதல் பத்துப் பாகம் வரை ஆழம் இருக்கும். ஏறத்தாழ ஒரு நிமிடம் மூச்சடக்கிச் சிப்பிகளை வாரி வலைப்பையில் இட்டுக் கயிற்றை அசைப்பான்; மேலே தோணியில் இருப்பவன் இழுப்பான். குளியாளின் உயிர் கயிறு பிடிப்பவன் கையில் உள்ளது. ஆதலின் மனைவியின் உடன்பிறந்தானையே கயிறு பிடிக்க வைப்பர் என்றும், தங்கை தாலியறுக்க மைத்துனன் மனம் ஒப்பான் என்பதே அதற்குக் காரணம் என்றும் கரையில் ஒரு செய்தி வழங்குகிறது. கீழே இறங்கியவனைக் காணாதவன், அவன் இருக்கின்றானா என்பதைக் கயிற்றின் அசைவு ஒன்றினாலேயே அறிகிறான். காணாமற்போதல் என்னும் நிலைமை ஒவ்வொரு முழுக்கிலும் ஒரு நிமிட அளவு இங்கே நிகழ்ந்து முடிகிறது எனலாம்.

சுறாவினின்று காப்பதற்கு மந்திரத்தால் கடலைக் கட்டுவோர் இருந்தனர். அவர்க்குக் 'கடல்கட்டி' என்று பெயர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் இக்கடலின் முத்துக்குளிப்பைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, மீன்களைக் கட்டும் மந்திரவாதிகட்கு முத்தில் இருபதில் ஒரு பங்கும், அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கும் கொடுக்கப்பட்டன என்று குறித்துள்ளார். மந்திரம் பகற்பொழுதுக்கே உரியது; இரவில் அதனை அவிழ்த்துவிடுவர் என்பதும் அவர் கூறும் செய்தி. பகலில் குளிப்போர்க்குக் காவலான மந்திரம், இரவில் அவிழ்க்கப்படுவதனால் களவில் குளிக்க நினைப்போர்க்கு அச்சமாயிற்று. ஒரே நம்பிக்கை உயிர்க்காவலாகவும் பொருட்காவலாகவும் பயன்பட்டது என நாம் உய்த்துணரலாம்.

பரதவர் பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கத்தோலிக்க சமயத்தைத் தழுவினர். 1542-இல் பிரான்சிசு சவேரியார் இக்கரைக்கு வந்தார். எனினும் கடல்கட்டியின் பணி நின்றுவிடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையைப் பற்றி எழுதிய எமர்சன் டெனன்ட், வழிவழியாக அப்பணியைச் செய்த குடும்பத்தார் கத்தோலிக்கராக இருந்தமையை வியப்போடு குறித்துள்ளார். வியப்புக்கு இடமில்லை. சுறா மதம் மாறவில்லை. ஆகவே அச்சமும் மாறவில்லை. இங்கே மந்திரம் என்பது கூலியும் பங்கும் உரிமையும் வகுக்கப்பெற்ற ஒரு தொழில் ஏற்பாடு. இதனை மூடநம்பிக்கை என்று மட்டும் கூறி அமைதல் ஆராய்ச்சியாகாது.

5. தமிழ் மர்மப் படங்களின் பொதுப்போக்கு

தமிழ்த் திரைப்படத்தில் தோன்றி மறையும் உருவங்கள் பல. 1966-இல் வெளிவந்த 'யார் நீ?' இந்தியில் 1964-இல் வந்த 'வோ கௌன் தீ?' என்னும் படத்தைத் தழுவியது. வெண்ணிற ஆடை உடுத்த பெண்ணுருவம் மழையிரவில் தோன்றுகிறது, மறைகிறது. இறுதியில் அது சொத்தைக் கவர விரும்பியோர் செய்த சூழ்ச்சி எனத் தெளிவாகிறது. பேய் என அஞ்சியது மனிதர் செயலே என விளக்கி முடிப்பது அக்காலப் படங்கள் பலவற்றில் காணப்பெறும் நெறி.

ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப்பின் 2012-இல் கார்த்திக் சுப்பராஜ் இயக்கிய 'பீட்சா' இந்நெறியை வேறொரு வகையில் மாற்றியது. பூட்டிய வீடொன்றில் அகப்பட்ட இளைஞன் தன் காதலி காணாமற்போன கதையைப் பிறர்க்கு உரைக்கிறான். அவர்கள் அஞ்சுகின்றனர், படம் பார்ப்போரும் அஞ்சுகின்றனர். பின்னரே அக்கதை வைரக் களவை மறைப்பதற்குப் புனைந்தது என்பது தெரிகிறது. காணாமற்போனவளைப் பற்றிய துயரத்தை எவரும் ஐயுறத் துணியார் என்னும் மன இயல்பே அங்கே கருவியாகிறது.

இவ்விரு படங்களும் நகர் சார்ந்த களத்தன. இரண்டிலும் வினா ஒன்றே: நிகழ்ந்தது யாது? வினாவுக்கு விடை கிடைத்ததும் படம் நிறைவுறுகிறது. காத்திருப்போர் என ஒருவர் இக்கதைகளில் முதன்மை பெறுவதில்லை.

6. கடல்சார் படங்கள் மூன்று

கடற்கரையைக் களமாகக் கொண்ட படங்களுக்கு வருவோம். அவற்றுள் மூன்றினை எடுத்துக்கொள்ளலாம். காணாமற்போனவன் உயிரோடு மீள்வது ஒன்று. எலும்பாக மீள்வது ஒன்று. பேயாக மீள்வது ஒன்று.

முதலாவது, எஸ்.பி. ஜனநாதன் இயக்கி 2003-இல் வெளிவந்த 'இயற்கை'. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. துறைமுகத்தைக் களமாகக் கொண்டது. கடல்மேற் சென்று திரும்பாத கப்பல் தலைவனுக்காக நான்சி என்னும் பெண் காத்திருக்கிறாள். அவளை விரும்பும் மாலுமி மருது அவளருகே காத்திருக்கிறான். உருசிய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கியின் 'வெண்ணிற இரவுகள்' என்னும் கதையின் தழுவல் இது. மூலக்கதையில் காதலன் மாஸ்கோ நகருக்குச் செல்கிறான். ஓராண்டில் மீள்வதாகக் கூறிச் செல்கிறான். அஃதாவது அங்கே கெடு உண்டு. தமிழ்ப் படம் தரைவழிப் பிரிவைக் கடற்பிரிவாக மாற்றியபோது, எந்தக் கெடுவுக்கும் கட்டுப்படாத கடல் இடையே வந்துவிடுகிறது. முல்லை நெய்தலாகிறது. கப்பல் தலைவன் இறுதியில் மீள்கிறான். நான்சியின் இரங்கல் தீர்கிறது. மருதுவின் இரங்கல் தொடங்குகிறது. மருதி கடல் புக ஆட்டனத்தி மீண்ட கதையின் அமைப்பு இங்கே நம் நினைவுக்கு வருதல் இயல்பு. கடல் ஒருவரைத் தந்தால் மற்றொருவரிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்கிறது.

இரண்டாவது, சீனு ராமசாமி இயக்கி 2012-இல் வெளிவந்த 'நீர்ப்பறவை'. மணப்பாடு முதலிய ஊர்களில் படமாக்கப்பெற்றது; இதன் உரையாடலில் எழுத்தாளர் ஜெயமோகனுக்கும் பங்கு உண்டு. கடலுக்குச் சென்ற கணவனை நோக்கிப் பல்லாண்டுகளாகக் கரையில் காத்திருக்கும் எஸ்தர் என்னும் முதியவளோடு படம் தொடங்குகிறது. பின்னர் அவள் வீட்டிலேயே புதைந்திருந்த எலும்புக்கூடு வெளிப்படுகிறது. அவள் கைது செய்யப்படுகிறாள். மர்மப் படத்துக்குரிய தொடக்கம் இது. ஆயினும் படம் காவலர் வழிச் செல்லாமல் எஸ்தரின் நினைவு வழிச் செல்கிறது. அவள் கணவன் அருளப்பசாமி, இலங்கைக் கடலில் பெற்றோரை இழந்து இக்கரையில் வளர்க்கப்பெற்றவன்; குடியில் வீழ்ந்து, அவள் அன்பால் திருந்தி, தனக்கெனப் படகு கட்டிக் கடலுக்குச் சென்றவன்; கடலிலேயே சுடப்பட்டவன் என்பன ஒவ்வொன்றாகப் புலனாகின்றன.

இப்படத்தின் நுட்பம் யாதெனின், காணாமற்போனவன் எங்கும் போகவில்லை என்பதே. அவன் உடல் வீட்டினுள் இருக்க, உலகின்முன் அவள் அவனுக்காகக் காத்திருக்கிறாள். காத்திருப்பு ஒரு மறைப்பு எனக் காவலர் கருதுவர். ஆனால் உடல் கிடைத்தமையால் மட்டும் இரங்கல் தீர்ந்துவிடுவதில்லை என்பதையே அவள் வாழ்வு காட்டுகிறது. கொன்றவரைக் கேட்க இயலாத நிலையில், இறந்தான் என்று சொல்லவும் இயலாதவள் அவள். 'காணாமற்போனான்' என்னும் சொல்லுக்குள் 'காணாமலாக்கப்பட்டான்' என்னும் சொல்லை அவள் புதைத்து வைத்திருந்தாள் என்று கூறின் மிகையாகாது. மூன்று படங்களுள் நெய்தல் மரபை ஆழ்ந்து உணர்ந்தது இதுவே என்பது எம் கருத்து.

மூன்றாவது, கமல் பிரகாஷ் இயக்கி 2025 மார்ச்சில் வெளிவந்த 'கிங்ஸ்டன்'. தூத்துக்குடிப் பகுதியின் மீனவ ஊர் ஒன்று களமாகிறது. அவ்வூர்க் கடல் சாபத்துக்கு உள்ளானது. உள்ளே செல்வோர் உயிரோடு மீள்வதில்லை. சாபத்தை முறிக்கக் கதைத்தலைவன் நண்பரோடு கடலுக்குச் செல்கிறான். இறந்தோர் அவனை எதிர்க்கின்றனர். சபிக்கப்பெற்ற கடல் என்னும் கருத்து புதிதன்று. புகாரைக் கடல் கொண்டதும் சாபத்தினாலேயே. கடலுக்குட் செல்ல இசைவு ஒருவரிடம் பெறுதல் வேண்டும் என்னும் எண்ணமும் கடல்கட்டியின் வழக்கத்தில் உள்ளதே. இவ்வகையில் இக்கரையின் நம்பிக்கை உலகுக்குப் படம் அணியதாகவே உள்ளது.

எனினும் ஒரு குறையை எடுத்துரைத்தல் வேண்டும். இறந்தோர் இங்கே அஞ்சத்தக்க பகைவராகவே பெரிதும் வருகின்றனர். அவர்கள் கரையிலுள்ள ஒவ்வொரு வீட்டின் தந்தையரும் மக்களும் அல்லரோ? கடலிலிருந்து எழும் உருவத்தைக் கண்டு அஞ்சுவதா, 'வந்துவிட்டான்' என்று ஓடித் தழுவுவதா என்னும் தடுமாற்றமே இக்கரைக்குரிய பேய்க்கதையின் உயிர்நிலை. கடற்போரின் விறுவிறுப்பு மிகுந்த இடத்தில் அத்தடுமாற்றம் பின்னே தள்ளப்பட்டுவிடுகிறது.

7. பிறநாட்டு ஒப்புமை

காணாமற்போதலைக் கொண்ட உலகப் படங்களுள் இரண்டு பெரிதும் பேசப்படுவன. இத்தாலிய இயக்குநர் அந்தோனியோனியின் 'லவ்வெந்தூரா' 1960-இல் வந்தது. கடலுலாச் சென்ற கூட்டத்தில் அன்னா என்னும் பெண் தீவொன்றில் காணாமற்போகிறாள். இறுதிவரை அவள் என்னவானாள் என்பது சொல்லப்படுவதில்லை. தேடிப் புறப்பட்ட காதலனும் தோழியும் சிறிது சிறிதாக அவளை மறந்து ஒருவரையொருவர் விரும்புகின்றனர். ஆஸ்திரேலிய இயக்குநர் பீட்டர் வியரின் 'பிக்னிக் அட் ஹாங்கிங் ராக்' 1975-இல் வந்தது. 1900ஆம் ஆண்டில் மலைப்பாறைக்குச் சென்ற மாணவியர் மூவரும் ஆசிரியை ஒருவரும் மறைகின்றனர். ஒருத்தி மட்டும் பின்னர்க் கிடைக்கிறாள். அவளுக்கும் நிகழ்ந்தது நினைவில்லை. முன்னது மறத்தலைப் பற்றியது. பின்னது விளங்காமையைப் பற்றியது. இரண்டிலும் விடையின்மை கலையாகிறது. ஆயினும் இவை செல்வரது உலாவிலும் விழாநாளிலும் நேர்ந்த புதுமைகள். பிழைப்புக்காக நாள்தோறும் அவ்விடத்துக்கே மீண்டும் செல்லவேண்டிய கட்டாயம் அங்கே எவர்க்கும் இல்லை.

நம் கரைக்கு உண்மையில் நெருங்கிய ஒப்புமை அயர்லாந்தில் உளது. ஜான் மில்லிங்டன் சிங் எழுதி 1904-இல் அரங்கேறிய 'ரைடர்ஸ் டு தி சீ' என்னும் ஓரங்க நாடகம் பின்னர்த் திரைப்படமாகவும் எடுக்கப்பெற்றது. மேற்குத் தீவொன்றில் வாழும் மோர்யா என்னும் தாய் தன் மக்களைக் கடலுக்கு இழக்கிறாள். தொலைவில் கரையொதுங்கிய உடலிலிருந்து எடுத்த காலுறையில், தான் பின்னியபோது விடுபட்ட இழைகளை எண்ணிப் பார்த்து, அது தன் தமையனுடையதே என மகள் உறுதி செய்கிறாள். தாயோ இறந்த அம்மகன் குதிரைமேல் செல்வதைக் கண்ணாற் கண்டதாகக் கூறுகிறாள். ஒரே வீட்டில் மகளுக்கு இழைச் சான்றும் தாய்க்கு ஆவிக்காட்சியும் கிடைக்கின்றன. மர்மப் படமும் பேய்ப்படமும் பிரிவதற்கு முன்னுள்ள ஒரே வேர் இது. அறிதல் வேண்டும் என்னும் வேட்கை ஒருபால் துப்பாகவும் மற்றொருபால் ஆவியாகவும் வெளிப்படுகிறது.

8. சட்டமும் இரங்கலும்

இது வெறும் கலைச்சிக்கல் அன்று. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சான்றுச் சட்டம், ஏழாண்டுகளாக ஒருவனைப் பற்றி, அவன் உயிரோடிருப்பின் இயல்பாகச் செய்தி அறிந்திருக்கக்கூடியவர்கள் ஏதும் அறியாவிடின், அவன் உயிரோடு உள்ளான் என்பதை மெய்ப்பிக்கும் சுமை அவ்வாறு கூறுவோரைச் சாரும் என வகுத்தது. 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சான்றுச் சட்டத்திலும் அவ்வேழாண்டு விதி தொடர்கிறது. கார்காலம் போலச் சட்டமும் காத்திருப்புக்கு ஓர் எல்லை வகுத்தது எனலாம். ஆனால் அவ்வெல்லை வரும்வரை மனைவி கைம்பெண்ணும் அல்லள், வாழ்வரசியும் அல்லள். உதவித்தொகை, படகுரிமை, கடன், மறுமணம் யாவும் அந்த ஏழாண்டுகளுக்குள் சிக்கிக்கொள்கின்றன.

2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயல் இதனை வெளிப்படையாக்கியது. தூத்துக்குடிக் கரைக்குத் தெற்கே கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து ஆழ்கடலுக்குச் சென்ற மீனவர் பலர் மீளவில்லை. பலருடைய உடலும் கிடைக்கவில்லை. ஏழாண்டுக் காத்திருப்பை வற்புறுத்துதல் கொடுமை என்பது உணரப்பட்டு, தமிழக அரசு அவ்விதியைத் தளர்த்தி, காணாமற்போனோர் குடும்பங்களுக்கும் இறந்தோர்க்குரிய 20 இலட்சம் ரூபாய் நிதியை வழங்க வழிசெய்தது. பசி தீரும் வழி பிறந்தது. ஆயினும் அந்நிதியைப் பெறுதல் அவன் இறந்தான் என்று ஒப்புதல் ஆகுமே என்னும் மனப்போராட்டம் எழுதல் இயல்பே. ஆதிரைக்கு வான் பேசியது. இவர்கட்கு அரசாணை பேசுகிறது. இரண்டும் சான்று இல்லாத இடத்தில் எழுந்த குரல்களே.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன புலனாகும்.

முதலாவது, காணாமற்போதல் என்னும் சொல் போனவனோடு தேடுவோரையும் உடன் உணர்த்துவது. ஆகவே தமிழில் இக்கதைப்பொருளின் நடு, மறைந்தவனிடம் மட்டும் இல்லை. கரையில் இருப்பவரிடமும் உள்ளது.

இரண்டாவது, பொதுவான மர்மப் படங்கள் 'நிகழ்ந்தது யாது?' என்னும் வினாவோடு நடக்கின்றன. கடற்கரை சார்ந்த படங்களுள் சிறந்தவை 'எதுவரை காத்திருப்பது?' என்னும் வினாவை எழுப்புகின்றன. அது முல்லையின் இருத்தலினின்று வேறான நெய்தலின் இரங்கல் ஆகும். உயிர், எலும்பு, ஆவி என எவ்வடிவில் அவனை மீட்டுத் தந்தாலும், காத்திருந்தவர் அடையும் நிலையைக் காட்டும் அளவுக்கே படம் சிறக்கிறது. அவரை மறந்த அளவுக்குக் குறைபடுகிறது.

மூன்றாவது, இக்கரையில் இயற்கை இறந்தவற்றைப் பற்றிய நம்பிக்கை அறியாமையின் விளைவு என்று ஒதுக்கத்தக்கதன்று. கடல்கட்டியின் மந்திரமும், காப்பியத்தின் வானொலியும், திரையின் ஆவியும் சான்று கிடைக்காத துயரத்துக்கு மக்கள் வகுத்துக்கொண்ட விடைகள்.

இத்துறையில் செய்யவேண்டிய பணி மிகுதி. சலாபம் நின்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. குளியாளாகவும் கயிறு பிடிப்போராகவும் இருந்தோருள் எஞ்சியவர் மிகச் சிலரே ஆவர். பார்களின் பெயர், கயிற்றின் அசைவுகளுக்குரிய குறிப்பு, கடலில் பட்டார்க்குச் செய்யும் சடங்கு, அவரைப் பற்றிப் பேசும்போது கையாளும் சொல் என்பவற்றைப் பட்டமேற்படிப்பு மாணவர் காலந்தாழ்த்தாது தொகுத்தல் வேண்டும். இக்கரையைப் பற்றிய படங்கள் இனியும் வரும். அவற்றை மதிப்பிடுவதற்கு வேண்டிய அளவுகோல் இச்சொற்களிலேயே உள்ளது.